விசையின் எடை: பூனா கேம்பின் ரைஃபிளும் அதைத் திருத்தும் உரிமையும்

புனேயின் கேம்ப் பகுதியை மராத்தியர் இன்றும் ‘லஷ்கர்’ என்றே குறிப்பிடுவர். 1817 நவம்பர் 5 அன்று கிர்க்கியில் நடந்த போரில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படை பின்வாங்கியது. அதையடுத்து, பழைய நகருக்குக் கிழக்கே கம்பெனிப் படையினருக்காக வகுக்கப்பட்ட நிலமே இந்தக் கேம்ப். இருநூறு ஆண்டுகளில் அந்நிலத்தில் சுமக்கப்பட்ட துப்பாக்கிகளின் வரலாறு பல நூல்களில் உண்டு. குழல், தோட்டா, வீச்செல்லை, சுடும் வேகம் ஆகியவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன. சுடுபவனின் விரல் உண்மையில் தொடும் ஒரே உறுப்பான விசை மட்டும் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது. ‘ட்ரிக்கர்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிறு இரும்பு நாக்கு எவ்வளவு எடையில் விடுபட வேண்டும், அதை மாற்றும் உரிமை யாருடையது என்னும் இரு கேள்விகளும் படை வரலாற்றோடு சட்ட வரலாற்றையும் விளையாட்டு வரலாற்றையும் தொட்டுச் செல்பவை.

இன்று அமெரிக்காவில் ஒருவர் கடையில் வாங்கிய ரைஃபிளின் விசைத் தொகுதியைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் செய்த தொகுதியைப் பொருத்திக்கொள்வது அன்றாட நிகழ்ச்சி. ஆலின் டிம்னி என்பவர் 1946இல் தொடங்கிய தொழில், போரில் மிஞ்சிய மவுசர், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைஃபிள்களை வேட்டைக்கு ஏற்றவையாக மாற்ற விரும்பியோருக்கு விசைகளைச் செய்து விற்றது. ‘ஆலை விசை கனமானது, கரகரப்பானது, மாற்று விசை இலேசானது, கண்ணாடி உடைவதுபோல் சட்டென விடுபடுவது’ என்ற ஒப்பீடு அந்தச் சந்தையில்தான் வேர்கொண்டது. இந்தியத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவோரும் அதே ஒப்பீட்டை அப்படியே எடுத்தாள்கின்றனர். லீ-என்ஃபீல்டின் விசை கனமாக இருந்ததற்கு மட்டமான வேலைப்பாடே காரணம் என்பது அதிலிருந்து பிறந்த முடிவு. அம்முடிவு தவறானது. அது ஏன் தவறு என்பதை அறிய, கேம்பின் மழைக்காலத்திலிருந்து தொடங்குவது நல்லது.

மார்ச் முதல் மே வரை தக்காணப் பீடபூமியின் காற்று வறண்டு கிடக்கும். ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கியதும் சில நாள்களிலேயே எல்லாம் ஈரமேறும். கதவுகள் நிலையில் சிக்கும், மேசை இழுப்பறைகள் திறக்க மறுக்கும். படைவீரனின் ரைஃபிளில் குழலைத் தாங்கும் கட்டையும் மரந்தான். அதுவும் ஊறும், அக்டோபருக்குப் பின் மெல்லச் சுருங்கும். 1907இல் ஏற்கப்பட்ட குறுங்குழல் லீ-என்ஃபீல்ட் மூன்றாம் வகையில் விசை பொருத்தப்பட்ட இடத்தை அறிந்தவருக்கு இதன் விளைவு உடனே புலப்படும். அந்த ரைஃபிளில் விசை, ரைஃபிளின் இரும்பு உடலோடு இணைக்கப்படவில்லை. கட்டைக்குக் கீழே வளைந்து செல்லும் விசைக்காப்பு என்னும் இரும்புப் பட்டையில் ஓர் ஊசியால் கோக்கப்பட்டிருந்தது. விசை உந்த வேண்டிய ‘சியர்’ என்னும் கொண்டியோ மேலே, இரும்பு உடலில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்தது மரம்.

இதன் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லீ-என்ஃபீல்டின் விசை இரண்டு படிகளில் இழுபடும். விசையின் தலையில் அடுத்தடுத்து இரண்டு சிறு மேடுகள் உண்டு. விரல் இழுக்கத் தொடங்கியதும் முதல் மேடு கொண்டியைத் தொட்டு நெம்பும். நெம்புகோலின் கணக்கு அப்போது விரலுக்குச் சாதகமாக இருப்பதால் இழுப்பு நீளமாகவும் ஒப்பீட்டளவில் இலேசாகவும் இருக்கும். கொண்டி கிட்டத்தட்ட விடுபடும் நிலைக்கு வந்ததும் இரண்டாம் மேடு பொறுப்பேற்கும். நெம்புகோலின் கணக்கு மாறும். எடை திடீரெனக் கூடும். விரல் அங்கே ஒரு சுவரைத் தொட்டதுபோல் நிற்கும். அந்தச் சுவரில் நின்று, மூச்சை அடக்கி, குறியைச் சரிபார்த்து, இன்னும் சிறிது அழுத்தினால் வெடிக்கும். முதல் இழுப்பு ஏறத்தாழ 3 முதல் 4 பவுண்டு, இரண்டாம் இழுப்பு 5 முதல் 7 பவுண்டு என்பது படைத்துறையின் அளவு. கிலோவில் சொன்னால் இரண்டாம் இழுப்பு 2.3 முதல் 3.2 வரை.

அவ்வளவு எடை ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது. இந்த ரைஃபிள் ஓட்டத்தில், இருட்டில், குளிரில் மரத்துப்போன விரலோடு, நூறு பேர் அருகருகே கிடக்கும் பதுங்குகுழியில் பயன்படுத்தப்பட வேண்டியது. கீழே விழுந்தாலும் வெடிக்கக் கூடாது; மண் புகுந்தாலும் கொண்டி பிடி தளரக் கூடாது. முதல் உலகப்போருக்கு முந்தைய பிரித்தானியப் படைப்பயிற்சியில், ஒரு நிமிடத்தில் 300 கெஜ தூரத்து இலக்கின் மீது குறிபார்த்து 15 தோட்டாக்களைச் செலுத்தும் தேர்வு இருந்தது. அந்த வேகத்தில் கையாளப்படும் கருவியில் நீண்ட முதல் இழுப்பு ஒரு பாதுகாப்பு வேலி. ஆகவே எடை, கவனித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்று. உண்மையான குறை வேறோர் இடத்தில் இருந்தது. அந்த எடை நிலையாக இருக்கவில்லை.

கட்டை ஊறினாலோ சுருங்கினாலோ, விசைக்காப்புக்கும் இரும்பு உடலுக்கும் இடையிலான தொலைவு மயிரிழை அளவு மாறும். விசையின் இரு மேடுகளும் கொண்டியைத் தொடும் இடம் அதனால் பெயரும். மே மாதத்தில் இரண்டு தெளிவான படிகளாக இருந்த இழுப்பு ஆகஸ்டில் ஒன்றோடொன்று குழையலாம். முதற்படி மறைந்துபோய் முழு எடையும் தொடக்கத்திலேயே விரலில் விழலாம். மாறாக, இரண்டாம் படியின் சுவர் இல்லாமலே துப்பாக்கி வெடித்துவிடலாம். பிந்தையது ஆபத்தானது. முந்தையது குறியைக் கெடுப்பது. ரைஃபிளின் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதன் விசையை விடுவிக்க 3 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும் என்றால், விரலின் அழுத்தம் ரைஃபிளையே அசைக்கப் போதுமானது. எந்த நொடியில் விடுபடும் என்பது விரலுக்குப் பழகியிருந்தால் அந்த அசைவைத் தவிர்க்கலாம். பழக்கத்துக்கு அடிப்படையே மாறிக்கொண்டிருந்தால் பயிற்சி என்ன செய்யும்?

இதற்குப் படை கண்ட முதல் மருந்து மனிதன். ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஆர்மரர் எனப்பட்ட படைக்கலப் பணியாளர் இருந்தார். கட்டையைச் சரியாகப் படியவைப்பதும், இழுப்பெடையைத் தொங்கு எடையால் அளந்து பார்ப்பதும், தேவைப்பட்டால் சீராக்குவதும் அவருடைய வேலை. படைவீரன் தன் ரைஃபிளைத் துடைக்கலாம், எண்ணெய் இடலாம். அதன் விசையைத் தொடலாகாது. பெரிய பழுதுகள் கிர்க்கியின் ஆர்சனலுக்குச் சென்றன. 1869இல் அதே கிர்க்கியில் நிறுவப்பட்ட வெடிபொருள் தொழிற்சாலை தோட்டாக்களைச் செய்தது. 1943இல் மின் இயந்திரப் பொறியாளர் படை தனியாக உருவானபோது ஆர்மரர்களும் அதன்கீழ் வந்தனர். கேம்பின் வரலாற்றில் ஜெனரல்களின் பெயரில் சாலைகள் உண்டு. ஆர்மரர்களின் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான ரைஃபிள்கள் பருவத்துக்குப் பருவம் ஒரே மாதிரி சுட்டதற்கு அவர்களுடைய அரமும் கண்ணுமே காரணம்.

இரண்டாம் மருந்து வடிவமைப்பில் வந்தது, அதுவும் மிகத் தாமதமாக. இரண்டாம் உலகப்போரில் பெருமளவில் செய்யப்பட்ட நான்காம் எண் ரைஃபிளிலும் விசை முதலில் விசைக்காப்பிலேயே தொங்கியது. போர்க்காலத்தில் நன்கு உலர்ந்த வாதுமை மரம் போதிய அளவு கிடைக்கவில்லை. அவசரத்தில் பயன்பட்ட மரம் கூடுதலாக அசைந்து கொடுத்தது. இறுதியில் 1949இல் ஏற்கப்பட்ட நான்காம் எண் இரண்டாம் வகையில், விசை இரும்பு உடலின் அடியிலேயே நேரடியாகக் கோக்கப்பட்டது. மரம் ஊறட்டும், சுருங்கட்டும். விசைக்கும் கொண்டிக்கும் இடையே இனி மரம் இல்லை. அத்தோடு நிற்காமல், ஏற்கெனவே செய்து முடித்த பழைய ரைஃபிள்களையும் ஃபசாக்கர்லி தொழிற்சாலையில் திரும்பப் பெற்று, இரும்பு உடலில் புதிய தாங்கியை அமைத்து, விசையை இடம் மாற்றினர். அவ்வாறு மாற்றப்பட்டவற்றின் மீது பழைய எண்ணோடு ஒரு சாய்கோடும் 2 அல்லது 3 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டன.

மூல விசையையும் மேம்படுத்திய விசையையும் ஒரே ரைஃபிளில் வைத்து ஒப்பிட வரலாறு தரும் மிகச் சிறந்த வாய்ப்பு இதுவே. ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இழுப்பெடை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இரு படிகளும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடி உடைவதுபோன்ற கூர்மை எதுவும் புதிதாகச் சேரவில்லை. மாறியது ஒன்றே: இன்று அளந்த எடை ஆறு மாதம் கழித்தும் அதே எடையாக இருக்கும். விசை மேம்பாடு என்றால் எடைக் குறைப்பு என்று கொள்ளும் சந்தையின் மொழிக்கு இந்த மாற்றம் பிடிபடுவதே இல்லை. அரசின் ஆலை தேடியது நிலைத்தன்மை. வேட்டைக்காரர் தேடுவது மென்மை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் ஒப்பீடுகள் குழம்புகின்றன.

இந்தியாவில் இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. ஒரே படையைப் பிரித்துக்கொண்ட இரு நாடுகள் இரண்டு விசைகளைத் தேர்ந்தன. பாகிஸ்தானின் வாஹ் படைக்கலத் தொழிற்சாலை நான்காம் எண் இரண்டாம் வகையைச் செய்தது; அங்கே விசை இரும்பு உடலில் தொங்கியது. வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையோ 1907 வடிவத்தின் வழியிலேயே நின்றது. 1960களில், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ற 2ஏ, 2ஏ1 என்னும் ரைஃபிள்கள் அங்கே உருவாயின. உயர் அழுத்தத்தைத் தாங்க எஃகு மேம்படுத்தப்பட்டது, தோட்டாப்பேழை மாறியது, 2ஏ1இல் பின்குறியின் அளவு 800 மீட்டராகச் சுருக்கப்பட்டது. விசை மட்டும் விசைக்காப்பிலேயே தொங்கியது. அதற்கு ஈடாகவே போலும், கட்டையின் முன்பகுதியில் குறுக்காக ஒரு வலுவூட்டும் திருகு செலுத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே இஷாப்பூர் கையாண்ட இந்தத் திருகு, மரம் பிளப்பதைத் தடுப்பதற்கானது. விசையை இடம்பெயர்ப்பதற்குப் பதில் மரத்தை அசையாமல் பிடித்துவைக்கும் முயற்சியாகவும் அதைக் காணலாம்.

இஷாப்பூரின் தேர்வைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. இருக்கும் அச்சுகளும் அளவுகோல்களும் இயந்திரங்களும் தொழிலாளர் கைப்பழக்கமும் ஒரு வடிவத்தைச் சுற்றியே அமைந்திருக்கும்போது, விசையை இடம் மாற்றுவது என்பது உடலின் வார்ப்பையும் கட்டையின் குடைவையும் விசைக்காப்பையும் சேர்த்தே மாற்றுவதாகும். 1962 எல்லைப்போரில் பழைய .303 ரைஃபிளோடு நின்ற காலாட்படைக்கு அப்போது தேவைப்பட்டது நல்ல விசை அன்று, தானியங்கி ரைஃபிள். அதற்கான வேலைகள் வேறு பக்கம் நடந்தன. பெல்ஜிய ஃபால் வடிவத்தைத் தழுவிய 1ஏ ரைஃபிள் வந்தது. 1958இல் உருவான படைக்கல ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம், புனேயின் பாஷானிலிருந்து இன்சாஸ் ரைஃபிளை வடிவமைத்தது. இன்சாஸில் விசைத் தொகுதிக்கு ஒரு புதிய பொறுப்பு சேர்ந்தது: ஒருமுறை இழுத்தால் மூன்று தோட்டாக்களோடு நிற்க வேண்டும். விரலின் உணர்வைப் பற்றிய கேள்வி, விரலைக் கட்டுப்படுத்தும் கேள்வியாக அங்கே உருமாறிவிட்டது.

‘மூல வடிவம்’ என்ற சொல்லையும் இங்கே சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து வந்த நிலையே இயல்பானது, மாற்றம் என்பது பிறகு மனிதன் செய்வது என்று எண்ணுகிறோம். கேம்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அந்த எண்ணத்தைக் கலைக்கிறது. 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென 1858 வடிவம் என்ற துப்பாக்கி செய்யப்பட்டது. வெளியே பார்த்தால் என்ஃபீல்ட் ரைஃபிள்தான். அதே கட்டை, அதே பூட்டு, அதே விசை. குழலின் உள்ளே மட்டும் சுழல்வரிகள் இல்லை. வழுவழுப்பான அகன்ற துளை. தொலைதூரக் குறிக்கான பின்குறியும் இல்லை. வெள்ளைப் படைவீரனுடைய ரைஃபிள் எட்டும் தூரத்தைச் சிப்பாயின் துப்பாக்கி எட்டக் கூடாது என்பதற்காகவே திட்டமிட்டுத் தாழ்த்தப்பட்ட மூல வடிவம் அது. பின்னரும் இதே வரிசை தொடர்ந்தது. பிரித்தானியப் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்த பிறகு இந்தியப் படைக்கு ஸ்நைடர். அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்ட் வந்த பிறகு இவர்களுக்கு மார்ட்டினி. ஒரே கேம்பின் இரு பாசறைகளில் இரண்டு தலைமுறைத் துப்பாக்கிகள் இருந்தன.

ஸ்நைடரே ஒரு மாற்றுப் பொருத்தம் என்பதும் நினைவுகூரத் தக்கது. ஜேக்கப் ஸ்நைடர் என்ற அமெரிக்கர், வாய்வழி மருந்திடும் என்ஃபீல்டின் குழலின் பின்பகுதியை வெட்டி, பின்வழித் தோட்டாவிடும் கதவொன்றைப் பொருத்தும் முறையைக் கண்டார். பூட்டும் விசையும் பழையவையே. பிரித்தானிய அரசு அதை ஏற்று ஆயிரக்கணக்கில் மாற்றியது. அவரோ உரிய பணம் கைக்கு வருமுன்னரே 1866இல் கடனாளியாக இறந்துபோனார்.

இனி உரிமை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அதன் விதிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்கு அளித்தன. கேம்பின் கடைத்தெருவில் ஓர் ஆங்கில அலுவலருக்கும் அவர் வீட்டுக் கணக்கெழுதிய இந்தியருக்கும் ஒரே துப்பாக்கி இரு வேறு சட்டப்பொருளாக இருந்தது. 1931 காராச்சி காங்கிரஸ், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்தது. அதே ஆண்டு ஜூலை 22 அன்று ஃபெர்குசன் கல்லூரியில் வாசுதேவ் பல்வந்த் கோகட்டே பம்பாயின் தற்காலிக ஆளுநர் ஹாட்சன் மீது சுட்டார். 1943 ஜனவரி 24 அன்று கேம்பின் கேபிடல் திரையரங்கில் குண்டு வெடித்தது. உரிமை கோரிய அரசியலும் ஆயுதத்துக்கு அஞ்சிய ஆட்சியும் ஒரே ஊரில் அருகருகே வாழ்ந்தன.

விடுதலைக்குப் பின் இன விலக்கு இல்லாத சட்டம் வந்தது. ஆனால் கட்டுப்பாடு தளரவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறையில் ஆயுதம் என்பது ஆயுதத்தின் உறுப்புகளையும் உள்ளடக்கும். ஐந்தாம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கிகளைச் செய்வதை மட்டுமன்றி விற்பதையும் மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. அமெரிக்கச் சந்தையில் ஒரு கடிகாரப் பட்டையைப் போல வாங்கி மாட்டப்படும் விசைத் தொகுதி, இந்தியச் சட்டத்தின் பார்வையில் உரிமம் பெற்ற கைகளின் வழியாக மட்டுமே செல்லக்கூடிய பொருள். ‘பின்சந்தை’ என்ற சொல்லுக்கு இங்கே முழுப்பொருள் இல்லாமற் போனதற்கு இதுவே அடிப்படை.

குடிமக்கள் கையில் இருந்த ரைஃபிளின் கதையும் இதோடு பின்னியது. படையின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற நோக்கில் .303 விட்டம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதனால் அதே லீ-என்ஃபீல்ட் இயக்கத்தில் .315 என்ற வேறு விட்டத்தில் விளையாட்டு ரைஃபிள்கள் உருவாயின. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. முதலில் செய்தது, பிறகு இஷாப்பூர். வேட்டைக்காகவும் பயிர்க்காவலுக்காகவும் அதை வாங்கியவர், தோட்டா வேறாயினும், படைவீரனின் இரட்டைப்படி விசையையே பெற்றார். ஓடும் பதுங்குகுழிக்கென வகுத்த எடை, மரத்தின் மீது பரண் கட்டி அசையாமல் காத்திருப்பவரின் விரலுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே ஆலை விசையைக் குறைகூறுவதில் நியாயம் உண்டு. ஒரு பணிக்குப் பொருந்திய எடை இன்னொரு பணிக்கு எந்த மறுசிந்தனையும் இன்றிக் கடத்தப்பட்டது.

குறிபார்த்துச் சுடும் விளையாட்டு இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்க முயன்றது. இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் கழகம் 1860இல் விம்பிள்டனில் தன் முதல் போட்டியை நடத்தியது. பேரரசி விக்டோரியா முதல் குண்டைச் சுட்டார் என்பர். உண்மையில், தாங்கியில் அசையாமல் பூட்டப்பட்ட விட்வொர்த் ரைஃபிளின் விசையில் கட்டிய பட்டுக்கயிற்றை அவர் இழுத்தார்; 400 கெஜ தூரத்து இலக்கின் நடுவே குண்டு பதிந்தது. விரலின் பிழை முற்றிலும் நீக்கப்பட்டால் ரைஃபிள் என்ன செய்யும் என்பதற்கு அது ஓர் அரச சான்று. சாதாரணப் போட்டியாளருக்குப் பட்டுக்கயிறு கிடையாது, விதிதான் உண்டு. படைத்துறை ரைஃபிளுக்கு விசையின் குறைந்தபட்ச எடை 6 பவுண்டு. எந்த ரைஃபிளும் அனுமதிக்கப்பட்ட போட்டியில் 3 பவுண்டு. துளைவழிக் குறியைப் பொருத்த அனுமதித்த பிற்காலப் பிரிவுகளும் விசைக்கு ஒரு கீழெல்லையை விட்டுவைத்தன. கண்ணுக்கு உதவி செய்யலாம், விரலுக்கு ஓர் அளவுக்கு மேல் கூடாது என்பதே அதன் உட்பொருள். விசையை இலேசாக்கியவன் வெல்வது அவனுடைய கைவினைஞனின் வெற்றி என்று அக்காலத்தவர் கருதினர்.

அந்த எல்லை இருபதாம் நூற்றாண்டில் பிரிவுக்குப் பிரிவு மாறியது. இன்றைய பன்னாட்டு விதிகளில் 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு விசை 1500 கிராமுக்குக் குறையலாகாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். 50 மீட்டர் ரைஃபிளுக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் கீழெல்லையே இல்லை. அவற்றின் விசைகள் 100 கிராம் அளவில் விடுபடுகின்றன. விகிதத்தைக் கணக்கிட்டால் வேறுபாடு விளங்கும். லீ-என்ஃபீல்டில் இழுப்பெடை, ரைஃபிள் எடையின் முக்கால் பங்குவரை செல்லும். ஆறு கிலோ எடையுள்ள 50 மீட்டர் ரைஃபிளில் அது அறுபதில் ஒரு பங்கு. ஐம்பது மீட்டருக்கு அப்பால் 10.4 மி.மீ. விட்டமுள்ள நடுவட்டத்தைத் தொட வேண்டியவருக்கு அந்த விகிதம் ஆடம்பரம் அன்று.

இந்த ரைஃபிள்களில் ‘மூலம்’, ‘மாற்று’ என்ற பாகுபாடும் மங்கிவிடுகிறது. விசையின் நாக்கை முன்பின் நகர்த்துவது, முதற்படியின் நீளத்தைக் கூட்டுவது, இரண்டாம் படியின் எடையைக் குறைப்பது ஆகிய அனைத்துக்கும் திருகுகளை ஆலையே வைத்துத் தருகிறது. வேட்டை ரைஃபிள்களிலும் இதே போக்கு பின்னர் வந்தது. அமெரிக்காவின் சேவேஜ் நிறுவனம் 2002இல் உரிமையாளரே எடையைச் சரிசெய்துகொள்ளும் விசையை ஆலையிலேயே பொருத்தத் தொடங்கியதும், பிற ஆலைகளும் தம் விசைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. பின்சந்தை முன்சந்தையை மாற்றிய தருணம் அது.

இரு மரபுகளும் சந்திக்கும் ஊர் புனே. கேம்புக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் 2001இல் தொடங்கிய படை விளையாட்டுக் கழகம் இருக்கிறது. நகரின் மேற்கே பாலேவாடியில் சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகத்தின் சுடுதளம் இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கின் பயிற்சிக்கூடமும் அங்கேதான் வேரூன்றியது. 2010இல் மியூனிக் உலகப் போட்டியில் 50 மீட்டர் படுத்த நிலையில் தங்கம் வென்ற தேஜஸ்வினி சாவந்த் கோலாப்பூர்க்காரர். அதே கோலாப்பூர் மாவட்டத்தில் பிறந்து, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்த ஸ்வப்னில் குசாலே 2024 ஆகஸ்ட் 1 அன்று 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். அப்பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளிலும் தோள், மணிக்கட்டு, விரல் ஆகியவற்றின் கோணம் மாறும். விசையின் எடை மட்டும் மாறாதிருக்க வேண்டும். 1949இல் ஃபசாக்கர்லியில் மரத்தை இடையிலிருந்து விலக்கியவர்கள் தேடியதும் அதையே. இத்தகைய ரைஃபிள்களில் பலவற்றில் இன்று மரமே இல்லை. அலுமினியச் சட்டகத்தின் மீது இரும்பு நேரடியாக அமர்கிறது.

மறுபுறம், பழைய விசை எதிர்பாராத அளவுக்கு நீண்ட ஆயுள் பெற்றது. 2008 நவம்பரில் மும்பையில் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட காவலர் சிலரின் கையில் .303 ரைஃபிளே இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது. அவற்றுள் இஷாப்பூரில் செய்யப்பட்டவற்றின் விசை, அந்த நாள் வரையிலும் மரத்துக்குக் கீழே விசைக்காப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.